கல்குவாரியும் "ஆதாரம் இருக்கா?" என்ற கேள்வியும்

"சாதாரண கற்கள் மற்றும் கிராவல் குவாரி அமைப்பது குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்." பேப்பர்ல உள்பக்கத்துல, பொடி எழுத்துல, சர்வே எண்களோட இப்படி ஒரு விளம்பரம் வரும். நம்மில் பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போயிடுவோம். அந்த ஊர்க்காரங்க மட்டும் படிப்பாங்க. ஏன்னா பக்கத்து சர்வே எண் அவங்களோடது.

அந்தக் கூட்டங்கள்ல மக்கள் சொல்ற எதிர்ப்புக்கு என்ன பதில் கொடுக்கப்படுது, மருத்துவரீதியா அந்தப் பதில் எவ்வளவு தூரம் நிக்கும்னு ஒரு இழை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சது. நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. அரசு மருத்துவமனையில வேலை பாக்குறவன் நான். இங்க இருக்கிறது என் சொந்தக் கருத்து.

முதல்ல விதி. 2006-ம் வருஷ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழதான் இந்தக் கூட்டம் நடக்குது. குவாரி 5 ஹெக்டேருக்கு மேல இருந்தாலோ, 500 மீட்டருக்குள்ள இருக்கிற மத்த குவாரிகளையும் சேர்த்துக் கூட்டினா 5 ஹெக்டேரைத் தாண்டினாலோ கருத்துக்கேட்பு நடத்தணும். 5 ஹெக்டேர்னா ஏறக்குறைய பன்னிரண்டரை ஏக்கர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், கலெக்டரோ அவர் சார்பா ஒரு அதிகாரியோ தலைமை தாங்குவார்.

இது ஓட்டெடுப்பு கிடையாது. ஊரே எழுந்து நின்னு "வேண்டாம்"னு சொன்னாலும் அதோட முடிஞ்சிடாது. மக்கள் சொன்ன ஒவ்வொரு பிரச்சினையும், அதுக்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதிலும் எழுதப்பட்டு மாநில அளவிலான ஆணையத்துக்குப் போகும். முடிவு அங்கதான். அதனால கூட்டத்துல எத்தனை பேர் கத்தினாங்கங்கிறதைவிட, பேப்பர்ல என்ன ஏறுச்சுங்கிறதுக்குத்தான் மதிப்பு.

பேப்பர்ல என்ன ஏறுது? மக்கள் சொல்வாங்க: தூசி வரும், மூச்சுத்திணறல் வரும், கிணறு வத்தும், வெடி வச்சா சுவர் விரியும், டிப்பர் லாரி பிள்ளைங்க மேல ஏறும். எதிர்த்தரப்பு பதில் எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தண்ணி தெளிப்போம். மரக்கன்று நடுவோம். உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுப்போம். வருஷத்துக்கு ஒருதடவை இலவச மருத்துவ முகாம் நடத்துவோம்.

யாராவது விடாம நுரையீரல் நோயைப் பத்திக் கேட்டா கடைசி ஆயுதம் வரும்: "ஏற்கனவே பக்கத்துல குவாரி ஓடுதே, அதனால யாருக்காவது நோய் வந்திருக்குன்னு ஆதாரம் இருக்கா?"

இந்த இடத்துல ஊர் அமைதியாயிடும். எனக்குக் கோபம் வர்ற இடமும் இதுதான். ஏன்னா ஆதாரம் ஏன் இல்லைன்னு ஒரு அரசு டாக்டருக்குத் தெரியும்.

எங்க ஓ.பி.க்கு ஒருத்தர் வந்தார். நாற்பதைத் தொடாத வயசு. மெலிஞ்ச உடம்பு, ரெண்டு படி ஏறினா நின்னு மூச்சு வாங்குறார். கையில டிபி மருந்து சாப்பிட்ட பழைய சீட்டு. ஒருதடவை இல்ல, ரெண்டு கோர்ஸ் முடிச்சிருக்கார். சளிப் பரிசோதனையில கிருமி இல்லை. எக்ஸ்ரேல மேல் பாகம் பூரா பொடிப்பொடியா புள்ளிகள்.

"என்னண்ணே வேலை பாக்குறீங்க?"

"கூலி வேலைதான் சார்."

"என்ன கூலி?"

"கம்ப்ரசர் ஓட்டுவேன் சார். பாறையில குழி போடுறது."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே. பதினாலு, பதினஞ்சு வருஷம் இருக்கும் சார்."

"மூக்குக்கு ஏதாவது கட்டுவீங்களா?"

"துண்டு கட்டுவோம் சார்."

இவருக்கு இருந்தது சிலிகோசிஸ். பாறைத் தூசியில இருக்கிற சிலிகா நுரையீரலுக்குள்ள போய் உண்டாக்குற தழும்பு நோய். முன்னாடி மருந்து கொடுத்தவங்க மேல குறை சொல்ல மாட்டேன். ரெண்டு நோயும் நுரையீரலோட மேல்பாகத்தைத்தான் அதிகம் பிடிக்கும். ரெண்டுலயும் இருமல், எடை குறைவு, மூச்சிரைப்பு. போதாக்குறைக்கு சிலிகோசிஸ் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பும் மத்தவங்களைவிட ஏறக்குறைய மூணு மடங்கு. நூறு பேர் நிக்கிற ஓ.பி.ல ஒரு ஆளுக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிஷம். "கூலி"ன்னு சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்கிறதில்லை. சீட்டுல "கூலி"ன்னு எழுதுறதுக்கே பல இடங்கள்ல கட்டம் கிடையாது. பேரு, வயசு, ஊரு, அவ்வளவுதான்.

இப்ப கணக்கு போடுங்க. இந்த மனுஷன் ரெண்டு தடவை டிபி கணக்குல ஏறியிருக்கார். குவாரி கணக்குல ஒருதடவைகூட இல்லை. இவர் இறந்தா இறப்புப் பதிவேட்டுல டிபின்னோ, மூச்சுத்திணறல்னோ இருக்கும். குவாரியைச் சுத்தி இப்படி எத்தனை பேர்னு கேட்டா பதில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் கூட்டத்துல நம்ம முன்னாடி வச்சு "ஆதாரம் இருக்கா"ன்னு கேக்குறாங்க.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. இன்னைக்கு தமிழ்நாட்டுல குழி போடுறதுலயும் கிரஷர்லயும் இருக்கிறவங்க நிறைய பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பக்கத்துலேர்ந்து வந்த தம்பிங்க. இருமல் ஆரம்பிச்சு வேலை செய்ய முடியலைன்னா ரயிலேறி ஊருக்குப் போயிடுவாங்க. நோய் இங்க பிடிக்கும், சாவு அங்க நடக்கும். ரெண்டு மாநிலக் கணக்குலயும் குவாரின்னு ஒரு வார்த்தை இருக்காது.

சிலிகோசிஸ் எப்படி வருதுன்னு கொஞ்சம் விளக்கிடுறேன். ஏன்னா "தண்ணி தெளிப்போம்"ங்கிற பதிலை எடைபோட இது தேவை.

நம்ம பாறைகள்ல குவார்ட்ஸ் தாராளமா இருக்கு. கிரானைட்னா சுமார் ஐந்தில் ஒரு பங்கோ அதுக்கு மேலயோ இருக்கும். சார்னகைட்லயும் குவார்ட்ஸ் உண்டு. (கொல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லை வச்சுத்தான் அந்தப் பாறைக்குப் பேரே வந்துச்சு. அந்தக் கல் போனது நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துலேர்ந்து.) இந்த குவார்ட்ஸ்தான் சிலிகா.

பாறையைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியிற தூசியும் வரும், தெரியாத தூசியும் வரும். கண்ணுக்குத் தெரியிறது மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், தும்மினா போயிடும். ஆபத்தானது 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கிறது. நம்ம தலைமுடியோட தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான், ஒப்பிட்டுப் பாத்துக்கங்க. அது நுரையீரலோட கடைசி காற்றுப்பை வரைக்கும் போகும். அங்க காவல் காக்கிற ஒரு செல் அதை விழுங்கும், செரிக்க முடியாம அதுவே செத்துப்போகும். வெளிய வந்த தூசியை அடுத்த செல் விழுங்கும். ஒவ்வொரு சாவும் ஒரு தழும்பு. இந்தச் சுழற்சி வேலையை விட்ட பிறகும் நிக்காது. அதனாலதான் குவாரியை விட்டு அஞ்சு வருஷம் ஆன ஆளுக்கும் நோய் ஏறிக்கிட்டே போகும். இதைக் குணமாக்க மருந்து இல்லை. துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. புதுசா உடைஞ்ச சிலிகாவுக்கு வீரியம் அதிகம்ங்கிறதும் தெரிஞ்ச விஷயம்தான்.

சரி, தண்ணி தெளிச்சா? ஒழுங்கா செஞ்சா நிச்சயம் பலன் உண்டு. துளை போடும்போதே தண்ணி விட்டு துளைக்கிறது, கிரஷரை மூடி வைக்கிறது, தூசியை உறிஞ்சுற கருவி, இதெல்லாம் தொழிலாளியோட உயிரைக் காப்பாத்தும். ஆனா டேங்கர் லாரியில காலையில ஒருதடவை ரோட்டுல தண்ணி ஊத்திட்டுப் போறது வேற. ஏப்ரல் வெயில்ல அது அரை மணி நேரம் தாங்குமா? கூட்டத்துல "தண்ணி தெளிப்போம்"னு சொன்னா எங்க, எந்த மிஷின்ல, எத்தனை தடவைன்னு கேளுங்க. எழுதச் சொல்லுங்க.

அளவு விஷயத்துக்கு வர்றேன். ஆய்வறிக்கையில "காற்றின் தரம் வரம்புக்குள் உள்ளது"ன்னு இருக்கும். பொய்னு சொல்லல. ஆனா எதை அளந்தாங்கன்னு பாருங்க. நம்ம தேசியக் காற்றுத் தர அளவுகோல் 2009-ல வந்தது. அதுல 12 மாசுகளுக்கு வரம்பு உண்டு. பிஎம் 10 தூசிக்கு 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 45. அந்த வித்தியாசம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த 12-ல சிலிகாவே இல்லை! செம்மண் ரோட்டுத் தூசியும் பாறைத் தூசியும் ஒரே எண்ணுக்குள்ள போயிடுது. நுரையீரலுக்கு ரெண்டும் ஒண்ணு கிடையாது. அதுலயும் இது 24 மணி நேர சராசரி. ராத்திரி குவாரி தூங்குற நேரமும் சேர்ந்துதான் அந்த எண் வருது.

கிரஷருக்குத் தனி விதி இருக்கு. மிஷின்லேர்ந்து 3 முதல் 10 மீட்டருக்குள்ள அளந்தா தூசி 600 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அந்த 3 மீட்டர்ல நாள் பூரா நிக்கிறது யாருன்னு யோசிங்க.

இதுவரைக்கும் ஊர்ப்பக்கம் பேசினேன். ஊர்க்காரங்ககிட்டயும் ரெண்டு விஷயம் சொல்லணும், கோச்சுக்காதீங்க.

ஒண்ணு, மிகைப்படுத்தாதீங்க. "குவாரி வந்தா ஊருக்கே கேன்சர் வரும், பிள்ளை பிறக்காது"ன்னு மைக்குல பேசுறாங்க. சிலிகா நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லயே முதல் வகையில சேர்த்தது உண்மை. ஆனா அது பெரும்பாலும் வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு வேலை பாக்குறவங்களை வச்சு சொன்னது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கு அதே அளவு ஆபத்துன்னு சொன்னா தப்பு. அந்தத் தூரத்துல நிஜமா கவலைப்பட வேண்டியது ஆஸ்துமா இருக்கிற பிள்ளைகள், ஏற்கனவே நுரையீரல் கெட்ட வயசானவங்க, லாரி ஓடுற ரோட்டோரத்து வீடுகள். நீங்க பிள்ளை பிறக்காதுன்னு பேசினா, எதிர்த்தரப்பு அந்த ஒண்ணுக்கு மட்டும் விஞ்ஞானப்பூர்வமா பதில் சொல்லி மத்த ஒன்பதையும் மூடிட்டுப் போயிடுவாங்க.

ரெண்டாவது, எங்க ஓ.பி.க்கு வர்ற எல்லா இருமலும் குவாரி இருமல் இல்லை. பீடி இருக்கு, விறகடுப்புப் புகை இருக்கு, டிபி இருக்கு. இதைக் கலக்காம பிரிச்சுக் காட்டினாத்தான் நம்ம பேச்சு நிக்கும்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். கல் வேணும். நான் உக்காந்து மருந்து எழுதுற கட்டடமே ஜல்லியிலயும் எம்-சாண்ட்லயும் நிக்குது. ஆத்து மணலைக் காப்பாத்தணும்னுதான் எம்-சாண்டுக்கு மாறினோம், அது வர்றதும் பாறையிலேர்ந்துதான். அதனால "எந்தக் குவாரியும் எங்கயும் வேண்டாம்"ங்கிற கட்சியில நான் இல்லை. எந்த இடத்துல, என்ன ஆழத்துக்கு, யாரோட நுரையீரல் செலவுலங்கிறதுதான் கேள்வி. ஆழம்னு சும்மா சொல்லல. 2022 மே மாசம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் குவாரியில ராத்திரி பாறை சரிஞ்சு ஆறு பேர் மாட்டினாங்க, நாலு பேர் இறந்தாங்க. மீட்புக்காரங்க உள்ள இறங்கவே திணறின ஆழம் அது. தமிழ்நாடு சிறு கனிம சலுகை விதிகள்ல குடியிருப்புலேர்ந்து 300 மீட்டருக்குள்ள குவாரி குத்தகை கூடாதுன்னு இருக்கு. அந்த 300 மீட்டரை வரைபடத்துல இல்லாம, ஊர்லயே டேப் வச்சு அளந்து பாருங்க. புதுசா கட்டின வீடுகள், காலனி வீடுகள் வரைபடத்துல விட்டுப்போயிருக்கலாம்.

கிணறு, வெடி அதிர்வு ரெண்டும் என் துறை இல்லை. அதுக்கு நிலத்தடி நீர் படிச்சவங்க, பொறியாளர்கள் பேசட்டும். குவாரி வர்றதுக்கு முன்னாடியே வீட்டுச் சுவரையும் கிணத்து நீர்மட்டத்தையும் தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கங்கன்னு மட்டும் சொல்வேன்.

வேலைவாய்ப்பு பத்தி அதிகம் எழுத மாட்டேன். பொக்லைனும் டிப்பரும் செய்யிற வேலையில உள்ளூர் ஆளுக்கு மிஞ்சுறது வாட்ச்மேன் வேலையும் துளை போடுற வேலையும்.

இப்ப அந்த இலவச மருத்துவ முகாம். எனக்கு இதுமேலதான் எரிச்சல் அதிகம். முகாம்ல என்ன நடக்கும்? பிரஷர் பாப்பாங்க, சுகர் பாப்பாங்க, கண்ணாடி கொடுப்பாங்க, பேனர் கட்டி போட்டோ எடுப்பாங்க. இதெல்லாம் வீடு தேடி வந்து செய்ய "மக்களைத் தேடி மருத்துவம்" இருக்கு. தூசித் தொழிலுக்குத் தேவையான ரெண்டு சோதனை, நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பாக்குற ஸ்பைரோமெட்ரியும், அந்த முகாம்ல இருக்காது. நோயைத் தேடாத முகாம்ல நோய் கிடைக்காது. அப்புறம் அடுத்த விண்ணப்பத்துல "முகாம்களில் தொழில்சார் நோய் எதுவும் கண்டறியப்படவில்லை"ன்னு எழுத வசதி.

சட்டம் இல்லாம இல்லை. சுரங்கத் தொழிலாளிக்கு வேலைக்குச் சேரும்போதே மருத்துவப் பரிசோதனை செய்யணும், அப்புறமும் குறைஞ்சது 5 வருஷத்துக்கு ஒருதடவை செய்யணும்னு சுரங்க விதிகள் சொல்லுது. சிலிகோசிஸைக் கண்டுபிடிச்ச டாக்டர் அரசுக்குத் தெரிவிக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்துச்சு. இப்ப வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்தான். ஆனா தினக்கூலிக்கு, பேர் பதியாம, மேஸ்திரி மூலமா வர்ற ஆளுக்கு எந்தப் பரிசோதனை நடக்கும்? மஸ்டர்லயே இல்லாதவர் எக்ஸ்ரே லிஸ்ட்ல எப்படி வருவார்?

தேடினா கிடைக்கும்ங்கிறதுக்கு ராஜஸ்தான் சாட்சி. அங்க மணற்கல் குவாரிகள் நிறைய. 2019-ல இந்த நோய்க்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தாங்க. மருத்துவக் குழு சான்று கொடுத்தா நோயாளிக்கு 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம், மாதாந்திர உதவித்தொகை. பதிவு செய்ய ஒரு வழி திறந்ததும் ஆயிரக்கணக்கான பேர் சான்று வாங்கினாங்க. அந்த நோயாளிகள் திடீர்னு முளைக்கலை. முன்னாடியும் இருந்தாங்க, வேற பேர்ல.

அதனால நான் கேக்குறது இதுதான். நோயில்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பை குவாரி எடுத்துக்கணும், நோயிருக்குன்னு நிரூபிக்கிற பொறுப்பை கூலிக்காரன் தலையில வைக்கக்கூடாது.

நடைமுறையில என்ன அர்த்தம்? முதல் வெடி வைக்கிறதுக்கு முன்னாடி ஊர்லயும் பள்ளிக்கூடத்துலயும் தூசியை அளந்து, அதுல சிலிகா எத்தனை பங்குன்னு தனியா சொல்லணும். அந்த அளவை குவாரி ஓடுற வெயில் காலத்துல திரும்ப எடுக்கணும். ஒவ்வொரு தொழிலாளிக்கும், வெளிமாநிலத்தவர் உட்பட, பேர் போட்டு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து, வேலையை விட்டுப் போகும்போது காப்பியைக் கையில கொடுக்கணும். ஒடிசாவுல இருக்கிற டாக்டர் அதைப் பார்த்தாலாவது டிபின்னு மூணாவது கோர்ஸ் ஆரம்பிக்க மாட்டார். பள்ளிக்கூடம் விடுற, தொடங்குற நேரத்துல டிப்பர் ஓடக்கூடாது, தார்ப்பாய் இல்லாம எப்பவுமே ஓடக்கூடாது.

இதுக்குக் காசு? மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு இருக்கு. கனிமம் எடுக்கிறவங்க கட்டுற பணம் அதுல சேருது. சுரங்கத்தால பாதிக்கப்பட்ட பகுதியோட குடிநீரும் சுகாதாரமும் அதோட முன்னுரிமைப் பட்டியல்லயே இருக்கு. ஒரு ஸ்பைரோமீட்டரும், அதை ஊதச் சொல்லித்தர ஒரு டெக்னீஷியனும் அந்தப் பணத்துக்கு முன்னாடி பெரிய செலவு இல்லை.

எங்க துறைக்கும் ஒரு கோரிக்கை. குவாரி இருக்கிற வட்டாரங்கள்ல ஓ.பி. சீட்டுல "வேலை"ன்னு ஒரு கட்டம் அச்சடிங்க. "கூலி"ன்னு எழுதினா போதாது, என்ன கூலின்னு எழுதணும். ஒரு கேள்வி, பத்து செகண்ட்.

கூட்டத்துக்குப் போறவங்களுக்கு: தனியா போகாதீங்க. தனியா மனு எழுதி தனியா அலையாதீங்க. 2022-ல கரூர் க.பரமத்தி பக்கத்துலயும், 2025 ஜனவரியில புதுக்கோட்டை திருமயம் பக்கத்துலயும் குவாரிகளுக்கு எதிரா புகார் கொடுத்துக்கிட்டிருந்த ரெண்டு பேர் வண்டி மோதி இறந்தாங்க. ரெண்டுமே கொலை வழக்கு. மனுவுல பத்து, இருபது கையெழுத்து இருக்கட்டும். கிராம சபையில தீர்மானமாவும் ஏத்துங்க.

வரைவு ஆய்வறிக்கை கலெக்டர் ஆபீஸ்லயும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ்லயும் பார்வைக்கு இருக்கணும், தமிழ்ச் சுருக்கத்தோட. கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடியே அறிவிப்பு வரணும்னு விதி. அந்த 30 நாள்ல ஒரு நாளாவது போய்ப் பாருங்க. சுகாதாரம்னு வர்ற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டருக்கு அனுப்புங்க. எனக்கும் அனுப்பலாம், ராத்திரி டூட்டி இல்லாத நாள்ல படிச்சுச் சொல்றேன்.

கூட்டத்துல பேசி முடிச்சதும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடாதீங்க. கடைசியில, மக்கள் சொன்னதோட சுருக்கத்தை தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், அன்னைக்கே கையெழுத்தாகணும்னு அறிவிக்கையில இருக்கு. அந்த நேரத்துல பெரும்பாலும் காலி நாற்காலிங்கதான் இருக்கும். உக்காந்து கேளுங்க. "தூசி குறித்து கவலை தெரிவித்தனர்"னு மட்டும் வாசிச்சா எழுந்து நிறுத்துங்க. "சிலிகா அளவு கேட்டோம், தொழிலாளிக்கு எக்ஸ்ரே கேட்டோம், அதை அப்படியே எழுதுங்க"ன்னு சொல்லுங்க. வீடியோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.